குறை எழுதும் கட்டம்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கொடுத்தால் ஒரு சீட்டு தருவார்கள். ஜாப் ஷீட் என்று பெயர். பேர், ஊர், போன் நம்பர், மாடல், சீரியல் நம்பர் எல்லாம் எழுதி முடித்த பிறகு நடுவில் ஒரு கட்டம் இருக்கும். குறை என்ன என்று எழுதுகிற கட்டம். அதை நாம் எழுத முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எழுதுவார். நாம் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரே லேப்டாப்புக்காக நான்கு முறை அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்கு முறையும் அந்தக் கட்டத்தில் எந்திரத்தின் குறை எழுதப்படவில்லை. என் குறைதான் எழுதப்பட்டது.

சாதி ஒழிப்பு பேச வேண்டிய பக்கத்தில் லேப்டாப் ரிப்பேர் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கேட்கட்டும். குறையை யார் எழுதுவது, யார் தலையில் எழுதுவது என்பது நம்ம சனங்களுக்குப் புதிய கேள்வி இல்லை. கிணறு வற்றினாலும், மாடு செத்தாலும், ஊரில் நோய் வந்தாலும் சேரியைக் கை காட்டிய ஊர்கள்தான் இவை. நம் பக்கம் அடிபட்டுச் செத்தாலும் 'இரு தரப்பு மோதல்' என்று எழுதிய காகிதங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழைய கட்டம்தான் இப்போது கம்ப்யூட்டர் பிரிண்டில் வருகிறது.

லேப்டாப் வாங்கியது 2021 ஜூனில். விலை 38,500 ரூபாய். அதில் 25,000 அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். மீதி நான் ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது. கம்பெனி பேரும் கடை பேரும் இங்கே வேண்டாம். பேர் மாறும், பேச்சு மாறாது.

படம் பார்க்க வாங்கவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும் என்பது என் வேலை. எம்.ஏ. தமிழ் படித்ததற்கு உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சு நம் கைக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஈய எழுத்து போய் டி.டி.பி. வந்தது, டி.டி.பி. போய் மடியில் வைக்கிற பெட்டி வந்தது. நம் சொல்லை நாமே எழுதி நாமே அடுக்குவதற்கான கருவி என்ற அளவில் இது அந்த வரிசையில் வருகிற பொருள். அது நின்றுபோனால் நம் வாய் நின்றுபோகிறது.

நான்காவது மாதம் நின்றது. பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "உக்காருங்க சார். அட்ரஸ் சொல்லுங்க." மண்டகப்பட்டு என்றேன். "மண்டகப்பட்டுல எங்க? ஊரா, காலனியா?" காலனி என்றேன். "சரி, நாலு நாள் கழிச்சி போன் பண்ணிட்டு வாப்பா" என்றார். சார் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஜாப் ஷீட் அரசு ஆவணம் இல்லை.

அந்த முதல் சீட்டில் எழுதியது: தூசி, சுத்தமில்லாத சூழல். என் வீட்டை அவர் பார்த்ததில்லை. திறந்து துடைத்து மூடித் தந்தார்கள், ஓடியது. டிசம்பரில் மறுபடி நின்றது. இந்த முறை புதுச்சேரியில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரம் ஒரு பஸ், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஒரு பஸ். போக வர ஒரு நாள் கூலி காலி. அங்கே எழுதியது: மின்னழுத்த ஏற்ற இறக்கம். "கிராமத்துல கரண்ட் சரியா இருக்காது, அதான் போர்டு அடி வாங்குது" என்றார் அந்தத் தம்பி. சார்ஜரைத் திருப்பிக் காட்டினேன். 100 முதல் 240 வோல்ட் வரை என்று கம்பெனியே அதன் முதுகில் அச்சடித்திருக்கிறது. எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான். அதைத் தாங்கும் என்று சொல்லித்தானே விற்றீர்கள்? அவர் சிரித்துவிட்டு அதையே எழுதினார்.

மூன்றாவது முறைதான் வயிற்றில் அடித்தது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். 1978-ல் விழுப்புரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ரொம்ப நாள் பேச மறுத்தார். 2022 பொங்கல் கழிந்து அவரே கூப்பிட்டனுப்பினார். செல்போனை எடுத்து வைத்ததும் கையை மறித்தார். "என் கொரல புடிக்காத பா. கொரல வச்சி ஆளக் கண்டுபுடிச்சிருவானுங்க. நான் சொல்றன், நீ எய்திக்க." நாற்பத்து மூன்று வருசம் கழிந்தும் அந்தப் பயம். நாலு சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நேரே தட்டச்சு செய்தேன். யார் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள், எந்த வாய்க்கால் வழியாக ஓடி வந்தார், எந்த ஊரில் தண்ணீர் கேட்டு என்ன பதில் வந்தது, எல்லாம். நாலாவது நாள் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். உள்ளே இருப்பது எதையும் அழிக்கக் கூடாது என்று வாயால் சொன்னேன். சீட்டிலும் 'டேட்டா வேண்டும்' என்று எழுத வைத்தேன். ஐந்து நாள் கழித்துப் போனால் பெட்டி புத்தம் புதிதாக எரிகிறது. ஃபார்மட் அடித்திருந்தார்கள். குறைக் கட்டத்தில்: பயனர் தேவையற்ற சாப்ட்வேர் ஏற்றியதால் விண்டோஸ் பழுது. என்ன தேவையற்ற சாப்ட்வேர் என்று கேட்டேன். "தமிழ் ஃபான்ட் எக்கச்சக்கமா போட்டிருக்கீங்களே" என்றார்.

போட்டிருந்தேன். பழைய சிறுபத்திரிகைக் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் அடித்ததை பாமினி இல்லாமல் படிக்க முடியாது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010-ல்தான். அதற்கு முந்தைய நம் எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் அந்த எழுத்துருக்கள் வேண்டும். எழுத்துரு போட்டதால் திரை கறுக்காது. அதோடு, பட்டனை அமுக்கினால் திரையே வராத எந்திரத்துக்கு ஃபார்மட் அடிப்பது, கால் உடைந்தவனுக்குத் தலை மழிப்பது போல. ஆனால் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. என் கையெழுத்து அதற்கும் கீழே இருந்தது.

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "திருப்பியும் சொல்லணுமா? ஒரு வாட்டி சொன்னதுக்கே நாலு நாளு தூக்கம் வரல பா." வற்புறுத்த மனசு வரவில்லை. மார்ச்சில் இறந்துபோனார்.

இது என் ஒருவனுக்கு நேர்ந்ததா, என் சாதியால் மட்டும் நேர்ந்ததா என்று பிறகு தேடிப் படித்தேன். நான் வாங்கிய கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத, உலகம் அறிந்த ஒரு கதை கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் போர்டுகளில் பொருத்திய ஒருவகைக் கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கக் கெட்டன. கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக விடுகிற சின்ன உருளை. உள்ளே ரசாயனக் கரைசல் இருக்கும். கரைசல் சரியில்லையென்றால் உள்ளே வாயு சேர்ந்து தலை உப்பும், பிறகு ஒழுகும். அப்புறம் கம்ப்யூட்டர் தானாக நிற்கும். அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்றதில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படிக் கெடும் ஆபத்தில் இருந்தன. ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் 2007-ல் போட்ட வழக்கில் உள்ளே இருந்த காகிதங்கள் 2010-ல் வெளியே வந்தன. நியூயார்க் டைம்ஸ் எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக நின்றபோது கம்பெனி சொன்ன காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி எந்திரத்தைக் களைப்பாக்கிவிட்டார்களாம்.

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கணக்கு வாத்தியார்கள் கணக்குப் போட்டது குற்றம். தமிழ் எழுதுகிறவன் தமிழ் போட்டது குற்றம். அமெரிக்கப் பேராசிரியருக்கே இந்தக் கதி என்றால், குறையை வாங்கியவன் மேல் தள்ளுவது வியாபாரத்தின் பொதுப் புத்தி என்று தெரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பேராசிரியரிடம் இந்தப் பழியைச் சொல்ல கம்பெனி ஒரு புதுக் கதையைக் கட்ட வேண்டியிருந்தது. நம்மிடம் சொல்ல எதையும் கட்ட வேண்டாம். அழுக்கு, வசதியில்லாத வீடு, பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று கதை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்டார்கள். அப்போதும் ஊரில் என்ன பேசினார்கள்? "ஓசியில குடுத்தா இப்டித்தான் பாழாக்குவானுங்க." அதே பெட்டி ஊர்த்தெருவிலும் நின்றது. அங்கே நின்றால் பெட்டி சரியில்லை. இங்கே நின்றால் ஆள் சரியில்லை.

எங்கள் ஊரைப் பற்றித் தொல்லியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இங்கே இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமன், ஈசன், திருமாலுக்கு இந்தக் கோயிலை விசித்திரசித்தன் அமைத்தான் என்று சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது ராஜாவின் பட்டப்பெயர். மாணவர்களை அழைத்து வருகிற ஆசிரியர்கள் அதை வாசித்துக் காட்டி வியப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்த வாசற்காவலர் சிலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு வருகிற வியப்பு வேறு. உளி பிடித்தவன் பேர் அதில் இல்லை. பாறை வெட்டி, தூசி தின்று, கை பிய்ந்தவன் பேர் இல்லை. கல் நின்றால் ராஜா பேர் பொறிக்கப்படுகிறது. அதே கல் அன்றைக்குப் பிளந்திருந்தால் யார் பேரைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மே மாதம் நான்காவது முறை போனபோது 'நீர்ச்சேதம், வாரண்டி செல்லாது' என்று எழுதினார்கள். உள்ளே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் சிவப்பாகும் என்று நான் அதற்குள் படித்திருந்தேன். அந்த ஸ்டிக்கரைக் காட்டுங்கள் என்றேன். "உள்ள கஸ்டமர அலோ பண்றதில்ல" என்றார். ஒரு வாரத்தில் திருப்பித் தந்தார்கள், எரியாமலேயே. அடுத்த மாதம் வாரண்டியும் முடிந்தது.

திண்டிவனத்தில் ஒரு சின்னக் கடை. போர்டில் கம்பெனி முத்திரை எதுவும் இல்லை. கடைக்காரர் பத்தாவதோடு நின்றவர், சென்னை ரிச்சி தெருவில் வேலை பழகி வந்தவர். என்னை எதிரே உட்கார வைத்துத் திறந்தார். வெள்ளை ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. முதலில் மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டார், எரியவில்லை. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "வாங்கண்ணா, நீங்களே பாருங்க." மெமரி செருகுகிற இடத்தில் நாலைந்து கால்கள் ஈயம் சரியாகப் பிடிக்காமல் இருந்தன. ட்ரை சால்டர் என்கிறார்கள். சூடேறினால் விரியும், ஆறினால் சுருங்கும், ஒருநாள் தொடும், ஒருநாள் விடும். "இது தயாரிக்கும்போதே வுட்ட கொறண்ணா. நீங்க ஒண்ணும் பண்ணல."

நீங்க ஒண்ணும் பண்ணல. ஒன்பது மாதத்தில் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன். அதை எழுதித் தருவீங்களா என்றேன். தயங்காமல் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அறுநூறு ரூபாய் வாங்கினார். எங்கள் பாட்டன்மார் பறை தொய்ந்தால் சருகைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். தோல் இறுகும், சத்தம் திரும்பும். அதற்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. தன் கருவியின் உள்ளைத் தானே அறிந்தவனிடம் யாரும் பழி போட முடியாது. திண்டிவனத்துத் தம்பியிடம் இருப்பது அந்த அறிவு. அதற்கு முத்திரை இல்லை என்கிறது வியாபாரம். 2022 ஜூலையில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றிக் குழு அமைத்தது. அதே வருசம் டிசம்பர் 24-ல் ஓர் இணையதளமும் திறந்தார்கள். உதிரி பாகமும் பழுதுபார்க்கும் விவரமும் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அந்த உரிமை திண்டிவனம் தம்பியின் மேசை வரைக்கும் வந்தால்தான் உரிமை.

நான் அந்தக் காகிதத்தையும் நான்கு ஜாப் ஷீட்டுகளையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டேன். இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறையானது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் முறையீட்டுக் கட்டணம் கிடையாது. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. குறை யாருடையது என்று சும்மா பார்த்துத் தெரியாவிட்டால், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் செலவை முறையிட்டவரே கட்டச் சொல்லலாம் என்பது அதில் இருக்கும் முள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கையிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்து மூன்றாவது ஆளிடம் கொடுக்கிற சட்டம் இது.

கம்பெனியின் பதில் வந்தது. பத்திரிகை வேலைக்குப் பயன்படுத்தியதால் அது வணிக நோக்கமாம், நான் நுகர்வோரே இல்லையாம். ஒவ்வொரு இதழுக்கும் கைக்காசு போடுகிற சிறுபத்திரிகையை வணிகம் என்று அழைத்த முதல் ஆட்கள் அவர்கள்தான். சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துவதையே சட்டம் வணிக நோக்கம் என்று கொள்வதில்லை, இதற்கென்ன என்று எழுதிக் கொடுத்தேன். லேப்டாப்பை ஆய்வுக்கு அனுப்பக் கேட்டு ஒரு மனுவும் போட்டேன். மனு போட்ட அடுத்த வாய்தாவில் சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள். முழு விலையும் திருப்பித் தருகிறோம், ஒரு கையெழுத்து போதும். காகிதத்தைப் படித்தேன். 'பொருளில் தயாரிப்புக் குறை ஏதுமில்லை என்று முறையீட்டாளர் ஒப்புக்கொள்கிறார்' என்று ஒரு வரி.

அம்மாவிடம் சொன்னேன். "துட்ட வாங்கிக்கினு வா எப்பா, குழுவுல கேக்கறாங்க" என்றார். பிறகு, "அந்த வரிய மட்டும் அடிக்கச் சொல்லு" என்றார். மூன்று வாய்தா இழுத்தார்கள். கடைசியில் 2024-ல் அந்த வரியை அடித்து, அடித்த இடத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, 38,500 ரூபாய் கொடுத்தார்கள். வட்டி இல்லை, பஸ் காசு இல்லை. ஆய்வுக்கூடம் வரைக்கும் பெட்டி போகவில்லை. குறை இன்னது என்று கம்பெனி இன்றுவரை எழுதவும் இல்லை.

பணம் குழுவுக்குப் போனது. தாத்தா சொன்னது எந்த ஆணையத்தாலும் திரும்பாது. எனக்கு நினைவிருப்பதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது என் சொல், அவர் சொல் இல்லை. சாட்சியம் என்பது சொன்னவன் சொன்ன மாதிரியே இருக்க வேண்டும். அந்த இழப்புக்கு ஜாப் ஷீட்டில் கட்டமே கிடையாது.

எனவே நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பெட்டியை மேசையில் வைக்கும் முன்பே குறையை நீங்களே தமிழில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எந்த நாளில், எப்படி, எத்தனையாவது முறை நின்றது என்று எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கடை முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திறக்கும்போது எதிரே நிற்பேன் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஜாப் ஷீட்டையும் ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள். அவர்கள் எழுதியது பொய்யாக இருந்தால், கையெழுத்துப் போடும் இடத்தில் 'இதை ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அதற்குத் தடை சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. நாம் எழுதாமல் விட்ட கட்டத்தில் காலம் காலமாக அவர்களே எழுதி வந்திருக்கிறார்கள்.